பிழைக்கத் தெரியாத பொம்பளை

மருமவனே, கூந்தல் தைல ஏவாரம் அமோகமா நடக்குன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம். சீசாவுல உன் படத்தையே போட்டிருக்கியாமே. முன்னந்தலையில முடியில்லாதவன் படத்தைப் பாத்துட்டும் காசைக் குடுத்துத் தைலம் வாங்குதான்னா அது முழுக்க முழுக்க உன் ஜாதக விசேசம்தான்.

போன வாரம் உன் அக்கா வந்திருந்தா. "தம்பி ரொம்பத் தெளிவா இருக்கான் மாமா. முதல்ல கையில ஒரு கோடி நிக்கட்டும், தான தர்மமெல்லாம் அதுக்கப்புறம்னு சொல்லிட்டான்"ன்னா. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துட்டு. எங்கய்யாவுக்கு இந்தத் தெளிவுல கால்வாசி இருந்திருந்தா எனக்கு நாலு ஏக்கர் கூடுதலா வந்திருக்கும். பஞ்ச காலத்துல கஞ்சித் தொட்டி வைக்கேன்னு வித்துத் தொலைச்சாரு மனுசன்.

நீ இப்படியே இருக்கணும்னுதான் உன் தொழிலையே செஞ்ச ஒருத்தி கதையைச் சொல்லுதேன். அமெரிக்காவுல கறுப்பினத்துப் பொம்பளை. அப்பன் ஆத்தா வச்ச பேரு சாரா பிரீட்லவ். ஊரறிஞ்ச பேரு மேடம் சி. ஜே. வாக்கர். நீ அவளைப்போல ஆகணும்னு இதைச் சொல்லல. அவ செஞ்ச தப்புல ஒண்ணைக்கூட நீ செஞ்சிரக் கூடாதே, அந்தக் கவலைதான்.

அமெரிக்காவுல உள்நாட்டுச் சண்டை 1865ல முடிஞ்சு அடிமைத்தனம் ஒழிஞ்சுது. லூசியானா மாநிலத்துல டெல்டாங்கிற ஊர்ல ஒரு பருத்திப் பண்ணை. அந்தப் பண்ணையில அடிமையாக் கிடந்த புருசன் பொண்டாட்டிக்கு 1867 டிசம்பர் 23ஆம் தேதி இவ பொறந்தா. அந்த வீட்டுல யாருக்கும் சொத்தா இல்லாமப் பொறந்த முதல் பிள்ளை. ஏழு வயசுக்குள்ள அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்தாச்சு. அக்கா வீட்டுல அண்டினா, அக்கா புருசன் கொடுமைக்காரன். அவன்கிட்ட இருந்து தப்பிக்க பதினாலு வயசுல கல்யாணம், 1885ல லெலியான்னு ஒரு மக, இருபது வயசுல தாலியறுத்தாச்சு. இடுப்புல ரெண்டு வயசுப் பிள்ளை. இருபது வயசுல நீ மூணு பேப்பர் அரியர் வச்சிருந்தே. ஒப்பிடுதேன்னு நினைக்காத, ஞாபகம் வந்துது.

அண்ணன்மாரு செயின்ட் லூயிஸ்ல முடிவெட்டுத தொழில் பாத்தாங்க. அங்க போய்ச் சேர்ந்து ஊரார் துணியை வெளுக்க ஆரம்பிச்சா. தண்ணி சுமந்து, கொதிக்க வச்சு, காரச் சவுக்காரத்துல தோள் நோகக் கசக்கி, காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தா நாளைக்கு ஒண்ணரை டாலர் தேறினா பெருசு. ஒரு வருசம் ரெண்டு வருசம் இல்ல, பதினஞ்சு வருசத்துக்கு மேல இதே பொழப்பு.

முதல் தப்பை அங்கதான் செஞ்சா. பேப்பர்ல ஒரு சேதி வருது: கறுப்பினத்துக் கிழவர் ஒருத்தர், கண்ணு தெரியாத உடன்பிறந்தாளையும் நோயாளிப் பொண்டாட்டியையும் வச்சுக்கிட்டு ஆதரவத்துக் கிடக்காருன்னு. முன்னப்பின்ன பழக்கமில்லாத ஆளு. நீயா இருந்தா அழுகுத பொம்மை ஒண்ணை அனுப்பிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பே. இவ கூட வேலை பாக்கவங்க, சிநேகிதிங்கன்னு வீடு வீடா ஏறி இறங்கி மூணு டாலர் அறுபது சென்ட் வசூல் பண்ணிக் கொண்டுபோய்க் குடுத்தா. அவ கைக்கு அன்னைக்கு வந்துக்கிட்டிருந்த கூலிக்கு இது ரெண்டு நாளைக்கு மேல. ஒரு கோடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

இந்தக் கெட்ட பழக்கம் எங்க ஒட்டிச்சுன்னு பாத்தா, செயின்ட் பால் ஏ.எம்.இ. சர்ச்சுல. கறுப்பின ஜனங்க தாங்களே நடத்தின சபை. அதுல இருந்த பொம்பளைங்க ஒரு மாதர் சங்கம் வச்சிருந்தாங்க. இந்த வண்ணாத்திப் பொம்பளை பிள்ளையோட வந்து நின்னப்போ, படிச்சவ படிக்காதவன்னு பாக்காம உள்ள சேத்துக்கிட்டாங்க. அந்த ஊர்ல கறுப்பினப் பிள்ளைகளுக்குன்னு இருந்த அநாதை விடுதியும் லெலியாவைப் பாத்துக்கிட ஒத்தாசை பண்ணுச்சு. வாங்கின கை அதை மறந்துட்டுப் போயிருக்கணும், அதுதான் சாமர்த்தியம். இந்தம்மாவுக்கு மறதி கிடையாது. பின்னால கையில காசு வந்ததும் அந்த விடுதிக்கு வரிசையா அனுப்பிக்கிட்டே இருந்துச்சு.

சரி, தொழிலுக்கு வாறேன். முப்பது வயசு வாக்குல தலைமுடி கொத்துக் கொத்தாக் கொட்ட ஆரம்பிச்சுது. வீட்டுக்குள்ள குழாய் கிடையாது, அடிக்கடி தலைக்கு ஊத்த வழியில்ல, கண்ட காரத்தையும் தேய்ச்சுத் தோல் புண்ணாகிக் கிடக்கும். அந்தக் காலத்துல பாதிப் பொம்பளைங்களுக்கு இந்தக் கதிதான். அப்போ ஆனி டர்ன்போன்னு இன்னொரு கறுப்பினப் பொம்பளை, பின்னால ஆனி மலோன்னு பேரு, முடி வளர்க்கிற மருந்து வித்துக்கிட்டிருந்தா. நம்ம ஆளு அவகிட்ட ஏஜென்டாச் சேர்ந்தா. 1905ல டென்வருக்குப் போனப்போ கையிருப்பு ஒண்ணரை டாலர். அங்க சமையல் வேலை, மிச்ச நேரத்துல மருந்து விக்குத வேலை. அடுத்த வருசம் சார்லஸ் ஜோசப் வாக்கர்னு பத்திரிகை விளம்பர ஆளைக் கட்டிக்கிட்டா. "மேடம்"னு முன்னால ஒண்ணைச் சேத்துக்கிட்டு, சொந்தமா ஒரு டப்பா இறக்கிட்டா.

மருந்து எப்படிக் கிடைச்சுதுன்னு அந்தம்மா சொன்ன கதை உனக்குப் பிடிக்கும். முடி கொட்டுதேன்னு ஆண்டவன்கிட்ட மன்றாடினாளாம். கனவுல ஒரு பெரிய கறுப்பு மனுசன் வந்து என்னென்ன சேக்கணும்னு சொன்னாராம். அதுல சில சரக்கு ஆப்பிரிக்காவுலதான் விளையுமாம், வரவழைச்சாளாம். நீயும் உன் சீசாவுல "சித்தர் ஓலைச்சுவடி முறைப்படி"ன்னு போட்டிருக்கே. அந்த ஓலைச்சுவடி உன் வீட்டுப் பரண்ல இருக்கா, இல்ல பிரின்டரோட வீட்டுல இருக்கான்னு நான் கேக்கப்போறதில்ல. இந்தம்மா டப்பாவுக்குள்ள இருந்தது முக்கியமா பெட்ரோலியக் களிம்பும் கந்தகமும். ஆனி மலோனுக்குக் கோபம் வந்துது, என் சரக்கைப் பாத்துச் செஞ்சிட்டான்னு. போலிகளைக் கண்டு ஏமாறாதீங்கன்னு விளம்பரமே போட்டா. கந்தகம் தலைப்புண்ணுக்கு நல்லதுங்கது ரெண்டு பேரும் பொறக்கிறதுக்கு முந்தியே தெரிஞ்ச வைத்தியம், அதுல யாருக்கும் பட்டா கிடையாது. ஆனாலும் தொழில் பழகிக் குடுத்தவளுக்கு அந்தக் கனவுக் கதையில ஒரு மூலையாவது ஒதுக்கியிருக்கலாம். எனக்கு அதுல வருத்தம்தான்.

மருந்தைவிட முறைதான் வேலை செஞ்சுதுன்னு நினைக்கேன். அடிக்கடி தலையைக் கழுவு, தோலைச் சுத்தமா வை, களிம்பைத் தேய், சூடு பண்ணின சீப்பால சீவு. இது சுருட்டை முடியை நீட்டுத மருந்துன்னு யாராவது சொன்னா அந்தம்மாவுக்குக் கோபம் வரும், நான் வளர்க்கத்தான் மருந்து விக்கேன்னு சண்டைக்கு வரும். சூட்டுச் சீப்பைக் கையில வச்சுக்கிட்டு அப்படிச் சொன்னதை எதிராளிங்க கேலி பண்ணத்தான் செஞ்சாங்க. ஆனா ஒண்ணு, தோலை வெளுப்பாக்குத களிம்பை அந்தம்மா உயிரோட இருந்தவரைக்கும் விக்கல. அந்தக் காலத்துல அது கொள்ளை லாபம். அந்தம்மா போனதுக்கப்புறம்தான் கம்பெனிக்காரங்க அதை இறக்கினாங்க. பாத்தியா, கண்ணெதிர்ல கிடந்த காசைக் குனிஞ்சு எடுக்கத் தெரியல. உன்னோட அடுத்த சரக்கு சிவப்பழகு கிரீமாமே. கெட்டிக்காரன்டா நீ.

புருசனுக்கு வந்த வரைக்கும் போதும்னு மனசு. பொண்டாட்டிக்கு அது போதல. 1912ல ஆளை அனுப்பிட்டு, பேரை மட்டும் வச்சுக்கிட்டுது. அதுக்குள்ள பிட்ஸ்பர்க்ல மக பேர்ல பயிற்சிப் பள்ளிக்கூடம், 1910ல இண்டியானாபொலிஸுக்குக் குடிமாத்தம், அங்க தொழிற்சாலை, 1911ல பதிவு பண்ணின கம்பெனி. நாலு பக்கமும் ரயில் போற ஊரு அது, தபால்ல டப்பா அனுப்ப வசதி. கணக்கு வழக்கு, கோர்ட்டு கேசு எல்லாம் ரான்சம்னு ஒரு வக்கீல் பாத்தாரு. அந்தம்மா செலவு பண்ணுத வேகத்தைப் பாத்து அந்த மனுசன் கடுதாசிக்கு மேல கடுதாசி எழுதினாரு.

எழுத மாட்டாரா? குடிவந்த அடுத்த வருசமே செஞ்ச காரியத்தைக் கேளு. கறுப்பின வாலிபருக்கு ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் கட்ட வசூல் நடக்குது. சிகாகோவுல சியர்ஸ் கம்பெனி ரோசன்வால்டு, எந்த ஊர்ல எழுபத்தஞ்சாயிரம் டாலர் சேக்காங்களோ அந்த ஊருக்கு இருபத்தஞ்சாயிரம் நான் தாறேன்னு சொல்லியிருந்தாரு. இந்தம்மா எந்திரிச்சு ஆயிரம் டாலர்னு சொல்லிட்டுது. ஒரு டப்பா அரை டாலர். ஆயிரம் டாலருக்கு ரெண்டாயிரம் டப்பா, அதுவும் லாபக் கணக்கு இல்ல, மொத்த விலை! அப்ப வரைக்கும் ஒரு கறுப்பினப் பொம்பளை ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்கு அம்புட்டுத் தொகை குடுத்துக் கேட்டதில்லைங்கதால, அந்த ஜனங்க நடத்தின பத்திரிகை எல்லாத்துலயும் பேரு வந்துட்டு.

"அதானே, விளம்பரத்துக்குத்தான் குடுத்திருக்கா"ங்கே. இருக்கட்டும் மருமவனே. நீயும் விளம்பரத்துக்காகவே குடேன். யாரு வேண்டாங்கா?

அடுத்து சிகாகோ கதை. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாச் சொல்லுதேன், பொம்பளையச் சபையில எப்படி நடத்தணும்னு நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கும் தெரியட்டும். 1912ல கறுப்பின ஏவாரிகள் மாநாடு நடக்குது. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். அடிமையாப் பொறந்து டஸ்கீகியில பெரிய பள்ளிக்கூடம் கட்டின மனுசன், ஜனாதிபதியோட உக்காந்து சாப்பிட்டவர். அவருக்கு இந்தத் தலைமுடி ஏவாரமே பிடிக்காது. இந்தம்மா பேச நேரம் கேட்டா காது கேக்காத மாதிரி இருக்காரு. ஜார்ஜ் நாக்ஸ்னு ஒரு பத்திரிகை முதலாளி எந்திரிச்சு, எங்க ஊர் அம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க, அவங்க பேச்சையும் கேக்கணும்னு சிபாரிசு பண்ணினாரு. அதுக்கும் மசியல. ஆம்பளைங்க வரிசையா வந்து என் பேங்கு, என் கடைன்னு பேசிப் போறாங்க.

கடைசி நாள். இந்தம்மாவுக்குப் பொறுமை போயிட்டுது. கூப்பிடாமலே எந்திரிச்சு நின்னுட்டுது. என் முகத்துக்கு நேர கதவைச் சாத்தப்போறீங்களான்னு கேட்டுது. நான் பருத்திக் காட்டுல இருந்து வந்தவ, அங்க இருந்து துணி வெளுக்குத தொட்டிக்கு உயர்வு கிடைச்சுது, அங்க இருந்து அடுப்படிக்கு. அதுக்கு மேல யாரும் உயர்த்தல, நானே என்னை உயர்த்திக்கிட்டேன், என் சொந்த மண்ணுல சொந்தத் தொழிற்சாலை கட்டியிருக்கேன்னு போட்டு உடைச்சுது. சபை அசந்துபோச்சு. பெரியவர் மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.

ஆனா பாரு, மறு வருசம் அந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத் திறப்புக்கு இண்டியானாபொலிஸுக்கு வந்தவர் அதே பெரியவர்தான். ஆயிரம் டாலர் குடுத்தவ யாருன்னு அங்க தெரியாமப் போயிருக்க முடியாது. அந்த வருசம் பிலடெல்பியாவுல நடந்த ஏவாரிகள் மாநாட்டுல இந்தம்மாவை மேடையேத்தி அவரே நல்ல வார்த்தை சொல்லிப் பேச வச்சாரு. அவர் பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தம்மா படிப்புச் செலவும் குடுத்துக்கிட்டிருந்தது. கதவு எதால திறந்துதுன்னு நீயே யோசிச்சுக்க.

இனி மிகப் பெரிய தப்பு. ஏஜென்டுகளைப் பிடிச்சது எங்க இருந்துங்கே? துணி வெளுக்கவ, வெள்ளைக்காரங்க வீட்டுல அடுப்பூதுதவ, தோட்ட வேலைக்காரி. அவங்களுக்குத் தொழில் சொல்லிக் குடுத்து, கையில பெட்டியைக் குடுத்து, நீ சம்பாதிச்ச காசு உனக்குன்னு அனுப்பிட்டுது. ஆயிரக்கணக்குல பொம்பளைங்க எசமானி வீட்டு வேலையை விட்டுட்டுச் சொந்தமாக் கடை போட்டாங்க, வீடு வாங்கினாங்க. அவங்களுக்கு ஒரு சங்கமும் வச்சுக் குடுத்துது. தொழிலாளிக்கு முதலாளியே சங்கம் வைக்குத கூத்தை எங்கயாவது கேட்டிருக்கியா? உன் கொட்டகையில சங்கம்ங்க சத்தம் கேட்டா நீ சங்கு ஊதிருவே. நோய் நொடின்னா, சாவு விழுந்தா உதவி உண்டுங்கது அந்தச் சங்கத்து ஏற்பாடு.

1917 ஆகஸ்ட்டுல பிலடெல்பியாவுல அந்தச் சங்கத்தோட முதல் மாநாடு. இருநூறு பேருக்கு மேல வந்தாங்க. நிறைய வித்தவளுக்குப் பரிசு, அது நியாயம். நிறையப் பேரை ஏஜென்டாச் சேத்தவளுக்குப் பரிசு, அதுவும் சரி. தன் ஊர்ல நிறைய தர்மம் பண்ணின கிளைக்கும் பரிசு! ஏவாரக் கூட்டத்துல இதுக்கு என்ன வேலை? அந்தம்மா கணக்கு வேற. ஊர்ல பள்ளிக்கூடத்துக்கு விறகு வாங்கிக் குடுத்தவ, அநாதைப் பிள்ளைக்குச் சட்டை தச்சுக் குடுத்தவ வந்து கதவைத் தட்டினா எந்த வீட்டுலயும் திறப்பாங்க. திறந்த வீட்டுல ஒரு டப்பா விக்கும். வித்த காசுல இன்னொரு சட்டை. கிணத்துல இறைக்க இறைக்க ஊறுத மாதிரின்னு வச்சுக்கயேன். இதெல்லாம் உனக்குத் தேவையில்லாத சங்கதி. நீ இன்ஸ்டாகிராம்ல விக்கே, கதவைத் தட்ட வேண்டியதே இல்ல.

தர்மத்தோட நின்னிருந்தாக்கூட பரவாயில்ல, அரசியல்லயும் தலையைக் குடுத்துது. அதே 1917 ஜூலையில கிழக்கு செயின்ட் லூயிஸ்ல வெள்ளைக்காரக் கும்பல் புகுந்து கறுப்பின ஜனங்களைக் கொன்னு வீட்டைக் கொளுத்துச்சு. அந்த மாசம் 28ஆம் தேதி நியூயார்க்ல பத்தாயிரம் பேரு வாயைத் திறக்காம ஊர்வலம் போனாங்க. சில நாள்ல ஒரு குழு வெள்ளை மாளிகைக்கு மனு கொண்டு போச்சு, அதுல இந்தம்மாவும் உண்டு. ஜனாதிபதி வில்சன் வேற வேலையா இருக்காருன்னு செயலாளரே பேசி அனுப்பிட்டாரு. பிலடெல்பியாவுல கூடின சீப்புக்காரிங்க அத்தனை பேரும் சேர்ந்து, இந்தக் கொலைகளை நிறுத்தச் சட்டம் போடுன்னு அதே ஜனாதிபதிக்குத் தந்தியும் அடிச்சாங்க. ஏவாரிக்கு எதுக்கு இந்த வம்பு? நம்ம ஊர்ல ரெண்டு தெருவுக்கும் அடிதடி வந்த அன்னைக்கு நீ நடந்துக்கிட்டதுதான் அழகு. ஷட்டரை இறக்கிட்டு, ரெண்டு தெரு வாட்ஸ்அப் குரூப்புலயும் காலை வணக்கம் போட்டே பாரு!

அதுக்காக அந்தம்மா காவி கட்டிக்கிட்டு அலைஞ்சுதுன்னு நினைக்காத. நமக்குத்தான் குடுக்கவன் கூழ் குடிக்கணும், கிழிசல் கட்டணும். அந்தம்மா காரு வச்சிருந்துது, வைரம் போட்டுக்கிட்டுது, நியூயார்க்குக்கு வெளிய ஹட்சன் ஆத்தங்கரையில பெரும் பணக்காரங்க குடியிருக்க ஊர்ல அரண்மனை கட்டுச்சு. நியூயார்க்ல பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர் வெர்ட்னர் டாண்டி கட்டினது. பாட்டுக்காரர் கரூசோ மக பேரோட எழுத்தைக் கோத்து வில்லா லெவாரோன்னு பேரு வச்சாரு. 1918ல குடிபோச்சு. அக்கம்பக்கத்துச் சீமாங்க, யாரோ வேலைக்காரி போல, எசமானி எங்கன்னு தேடியிருப்பாங்க. அந்தம்மா அதுல ஒரு வருசம்கூட முழுசா இருக்கல. ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு. ஓய்வெடுன்னு டாக்டர் சொன்னா, மறுநாள் ரயில் ஏறிருச்சு. அடிமைத்தனத்தை எதிர்த்துப் போராடின ஃபிரெடெரிக் டக்ளஸ் வாழ்ந்த வீடு அடமானத்துல மூழ்கப் போகுதுன்னு தெரிஞ்சப்போ பெரிய தொகை குடுத்து மீக்க உதவினதும் இந்தக் கடைசி காலத்துலதான்.

1919 மே மாசம் படுத்த படுக்கையில இருந்துக்கிட்டே, கும்பல் கொலையை எதிர்த்து வேலை பாத்த என்.ஏ.ஏ.சி.பி.க்கு ஐயாயிரம் டாலர் எழுதிக் குடுத்துது. அந்தச் சங்கத்துக்கு அதுவரைக்கும் வந்த தனி ஆள் நன்கொடையில அதுதான் பெருசு. மே 25ஆம் தேதி உயிர் போச்சு. வயசு அம்பத்தொண்ணு.

இப்ப உன் ஒரு கோடிக் கணக்குக்கு வாறேன். தன் உழைப்புலயே கோடீஸ்வரியான முதல் அமெரிக்கப் பொம்பளைன்னு கின்னஸ் புத்தகம் இந்தம்மா பேரைத்தான் போடுது. அந்தப் பட்டம் ஆனி மலோனுக்குத்தான் சேரணும்னு வாதாடுதவங்களும் உண்டு. இந்தம்மாகிட்ட 1917ல பத்திரிகைக்காரங்க கேட்டப்போ, நான் இன்னும் மில்லியன் டாலர்காரி ஆகல, ஒரு நாள் ஆவேன்னு நம்புதேன்னுதான் சொல்லுச்சு. செத்தப்போ சொத்தைக் கணக்குப் பாத்தா ஆறு லட்சம் டாலரை ஒட்டித்தான் இருந்துது. முதல்ல கையில மில்லியன் நிக்கட்டும்னு உன்னை மாதிரி அந்தம்மாவும் இருந்திருந்தா, கடைசி வரைக்கும் ஒத்தச் சல்லி வெளிய போயிருக்காது. எம்புட்டு மிச்சம் பாரு!

உயில்லயும் புத்தி வரல. விடுதி, பள்ளிக்கூடம், ஆளுகன்னு ஒரு லட்சத்தை ஒட்டி எழுதி வச்சுது. அதுபோக, இனிமே கம்பெனிக்கு வாற நிகர லாபத்துல மூணுல ரெண்டு பங்கு தர்மத்துக்கு. மகளுக்கு மிச்சம் ஒரு பங்கு. அரண்மனையும் மகளுக்கப்புறம் என்.ஏ.ஏ.சி.பி.க்கு. மக 1931ல போனப்போ நாடே பஞ்சத்துல கிடந்துது, அவங்க அதை வச்சுக் காப்பாத்த முடியாம வித்துட்டாங்க.

பெரிய தர்மமெல்லாம் உனக்கு வேண்டாம் மருமவனே. ஒரு கோடி வரட்டும், சாவகாசமாப் பேசுவோம். உன் கொட்டகையில சீசாவுக்கு மூடி போடுத பொம்பளைங்க ஏழு பேரு நேத்து எங்கிட்ட வந்தாங்க. ரெண்டு மாசக் கூலி பாக்கியாமே. அதை வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துரு.